'பொசசிவ்' முதல் பாஸ்வேர்டு வரை: காதல் உறவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காதலிப்பவர்களுக்கும் புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கும் அறிவுரை சொல்ல நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. சினிமா சொல்கிறது, சித்தி சொல்கிறார், இப்போது ரீல்ஸும் சொல்கிறது. அதில் பாதி ஒன்றுக்கொன்று முரணானது, மீதியில் கொஞ்சம் ஆபத்தானது. திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, ஆராய்ச்சியும் சட்டமும் என்ன சொல்கின்றன, எனக்கு என்ன தோன்றுகிறது என்று இங்கே எழுதியிருக்கிறேன். என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஜோடி எவ்வளவு உருகுகிறது என்று நான் பார்ப்பதில்லை. இருவரில் ஒருவர் "வேண்டாம்" என்றோ "எனக்குப் பிடிக்கலை" என்றோ சொன்ன பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

நல்ல ஜோடி என்றால் சண்டையே வராது, இல்லையா?

வரும். திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரங்களும் ஊடலைப் பற்றியவைதான். கடவுள் வாழ்த்தில் தொடங்கியவர் காதலர் பிணக்கில் கொண்டுவந்து நூலை முடிக்கிறார். அளவும் அவரே சொல்கிறார்: ஊடல் உப்பு மாதிரி, தேவைதான், ஆனால் நீட்டினால் உப்பு கூடிப்போன கதை.

அமெரிக்காவில் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மன் என்ற உளவியலாளர் 1980களிலிருந்து தம்பதிகளை ஓர் அறையில் உட்காரவைத்து, அவர்களுக்குள் தகராறு உள்ள ஒரு விஷயத்தைப் பேசச் சொல்லிப் படம் பிடித்தார். இதயத் துடிப்பையும் அளந்தார். சில வருடங்கள் கழித்து யார் சேர்ந்திருக்கிறார்கள், யார் பிரிந்தார்கள் என்று பார்த்தார். அவர் கணக்குப்படி தம்பதிகள் சண்டை போடும் விஷயங்களில் 69 விழுக்காடு தீர்வே இல்லாதவை. ஒருவருக்குச் சேமிக்க வேண்டும், இன்னொருவருக்கு இருக்கும்போது அனுபவிக்க வேண்டும். ஒருவருக்கு ஞாயிறு என்றால் அம்மா வீடு, இன்னொருவருக்கு ஞாயிறு என்றால் தூக்கம். இதெல்லாம் தீராது. சந்தோஷமாக இருப்பவர்கள் வீட்டிலும் அதே சண்டை வருடாவருடம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

பிரிந்தவர்களிடம் அவர் கண்ட அடையாளங்கள் நான்கு: செய்த காரியத்தை விட்டுவிட்டு ஆளையே குறைசொல்வது, இளக்காரம், எதற்கும் "நான் என்ன செஞ்சேன்?" என்று எகிறுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு பேச்சையே மூடிவிடுவது. நான்கில் மோசமானது இளக்காரம். "பாத்திரம் அப்படியே கிடக்கே" என்பது புகார். "உங்க வீட்டு வளர்ப்பு அப்படி" என்பது இளக்காரம். நம் பட்டிமன்ற மேடைகளில் மனைவியை மட்டம் தட்டாமல் ஒரு ஜோக் சொல்ல முடியாதா என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு ஆதங்கம் உண்டு. சிரித்துக்கொண்டே சொன்னாலும் இளக்காரம் இளக்காரம்தான்.

நன்றாக இருக்கும் ஜோடிகளிடம் சண்டையின் நடுவிலும் ஒரு கடுஞ்சொல்லுக்கு ஐந்து என்ற அளவில் நல்ல அசைவுகள் இருந்தன என்றும் காட்மன் சொன்னார். ஒரு தலையாட்டல், ஒரு சிரிப்பு, "சரி, நீ சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்று ஒரு வார்த்தை. விவாகரத்தை 90 விழுக்காடு துல்லியமாகக் கணிக்கிறார் என்று அவரைப் பற்றிப் பரவிய விளம்பரத்தை மற்ற ஆய்வாளர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். யார் பிரிந்தார்கள் என்று தெரிந்த பிறகு சூத்திரம் அமைத்தால் அது கணிப்பு ஆகாது என்பது அவர்கள் வாதம். அது நியாயமான வாதம். ஆனால் இளக்காரம் ஒரு வீட்டை என்ன செய்யும் என்பதைப் பார்க்க யாருக்கும் சூத்திரம் தேவைப்படாது.

அப்போ சண்டை போடுவதைவிடப் பேசாமல் இருப்பது மேல்தானே?

எந்தப் பேசாமை என்று பார்க்க வேண்டும். நான்கு நாள் சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டு நகர்வது, குழந்தை மூலம் செய்தி அனுப்புவது, வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் காட்டுவது, இதெல்லாம் தண்டனை. எதற்காகத் தண்டனை என்பதைக்கூட எதிராளியே கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொன்று இடைவேளை. அது நல்லது. காட்மன் ஆய்வகத்தில் தம்பதிகளின் சண்டையைப் பதினைந்து நிமிடத்தில் நிறுத்தி, "கருவியைச் சரிபார்க்கணும், அதுவரை பேசாதீங்க" என்று சொல்லி அரை மணி நேரம் பத்திரிகை புரட்டவிட்டார்கள். மறுபடி தொடங்கியபோது இதயத் துடிப்பு இறங்கியிருந்தது, பேச்சும் கண்ணியமாக இருந்தது. துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிய நிலையில் எதிராளி சொல்வது காதிலேயே ஏறாது என்பது அவர்கள் முடிவு. ஆகவே எழுந்து போகலாம், ஆனால் எப்போது திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். "எனக்குத் தலை சூடாயிருக்கு, எட்டு மணிக்குப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு, எட்டு மணிக்கு வர வேண்டும். வராமல் விட்டால் அடுத்த முறை யாரும் நம்ப மாட்டார்கள்.

"கோபத்தோடு தூங்கப் போகாதே" என்கிறார்களே?

இரவு ஒன்றரை மணிக்குத் தீர்த்துவைக்கப்பட்ட பிரச்சினை எதையும் நான் பார்த்ததில்லை. தூங்குங்கள். காலையில் காப்பி குடித்துவிட்டுப் பேசினால் பாதி வார்த்தைகள் தேவைப்படாமலே போகும்.

என்னை உண்மையாக நேசிப்பவர் நான் சொல்லாமலே புரிந்துகொள்ள வேண்டாமா?

இந்த ஒரு நம்பிக்கை செய்யும் சேதம் கொஞ்சநஞ்சம் இல்லை. பிறந்தநாளுக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எதுவும் வரவில்லை என்று இரவெல்லாம் அழுதவர்கள் எத்தனை பேர்!

2011இல் அமெரிக்க உளவியலாளர்கள் சிலர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தம்பதிகளையும் முன்பின் தெரியாதவர்களையும் ஒருவருக்கொருவர் முதுகு காட்டி உட்காரவைத்து, பல அர்த்தம் வரக்கூடிய சாதாரண வாக்கியங்களைச் சொல்ல வைத்தார்கள். "இங்கே சூடா இருக்கே" என்பது போல. அது ஏசியைப் போடச் சொல்வதாகவும் இருக்கலாம், கொஞ்சலாகவும் இருக்கலாம், வெறும் புலம்பலாகவும் இருக்கலாம். தன் துணை சரியாகப் புரிந்துகொண்டிருப்பார் என்று தம்பதிகள் அடித்துச் சொன்னார்கள். உண்மையில் முன்பின் தெரியாதவர்கள் புரிந்துகொண்ட அளவுக்கு மேல் துணைக்கும் புரியவில்லை. நெருக்கம் கூடக்கூட, விளக்கிச் சொல்லும் அக்கறை குறைந்துவிடுகிறது. "இத்தனை வருஷம் ஆச்சு, இதுகூடத் தெரியாதா?" என்று கேட்கிறோம். தெரியாது. வாய்விட்டுக் கேட்டு வாங்கிய பூவுக்கு வாசம் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கொஞ்சம் பொசசிவ்வா இருந்தாத்தானே காதல்? பொறாமையே படாதவருக்கு என் மேல் அக்கறை இருக்கிறது என்று எப்படி நம்புவது?

பொறாமை வருவது சாதாரணம், அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. "நீ அவங்களோட அவ்வளவு நேரம் பேசினது எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு" என்று சொல்வதிலும் தப்பு இல்லை. சொன்ன பிறகு அந்தச் சங்கடத்தைச் சுமப்பது யார் என்பதில்தான் விவகாரம் இருக்கிறது. தன் சங்கடத்தைத் தானே கையாளப் பார்ப்பவர் ஒரு வகை. தனக்குச் சங்கடம் வராமல் இருக்க உங்கள் வாழ்க்கையைச் சுருக்கச் சொல்பவர் இன்னொரு வகை.

சுருக்கம் ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் ஒரு டிபி மாற்றச் சொல்வார். அப்புறம் ஒரு நண்பரின் எண். அப்புறம் ஆபீஸில் மதியச் சாப்பாடு யாரோடு என்ற விசாரணை. அப்புறம் லொகேஷன் எப்போதும் ஆனிலேயே இருக்க வேண்டும். அப்புறம் அக்கா வீட்டுக்குப் போய்வருவதற்கும் முன்கூட்டியே காரணம் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம், ஒவ்வொன்றுக்கும் "உன் மேல இருக்கற பாசம்" என்று விளக்கமும் உண்டு. இரண்டு வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், ஒரு அவசரம் என்றால் போன் போட யாருமே இருக்க மாட்டார்கள்.

எனவே கேட்டுக்கொள்ள வேண்டியது இது: இவரோடு சேர்ந்த பிறகு என் உலகம் பெரிதாகியிருக்கிறதா, சின்னதாகியிருக்கிறதா? "எனக்கு எல்லாமே நீதான்" என்பது காதல் வசனமாகக் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நண்பன், வைத்தியர், வாத்தியார், பொழுதுபோக்கு எல்லாமே ஒரே ஆள் என்று ஆனால் அந்த ஆளுக்கும் மூச்சு முட்டும்.

இது ஆண்கள் மட்டும் செய்வது என்று நினைக்க வேண்டாம். நண்பர்களோடு கிரிக்கெட் பார்க்கப் போனதற்கு வீடியோ கால் போட்டு நிரூபிக்க வேண்டிய நிலையில் பையன்களும் இருக்கிறார்கள். வெளியே சொன்னால் கேலி செய்வார்கள் என்று சொல்வதில்லை, அவ்வளவுதான்.

மறைக்க ஒன்றும் இல்லை என்றால் போன் பாஸ்வேர்டைக் கொடுப்பதில் என்ன பிரச்சினை?

கொடுத்துக்கொள்ளும் ஜோடிகள் நிறைய, அதில் தப்பு ஒன்றும் இல்லை. கேட்டால் கொடுக்க மறுக்க முடிகிறதா என்பதுதான் முக்கியம். அதோடு, உங்கள் போனில் உங்கள் ரகசியம் மட்டும் இல்லை. வேலை போனதைப் பற்றி உங்களிடம் சொன்ன தம்பியின் செய்தி இருக்கிறது, கருக்கலைந்த தோழியின் அழுகை இருக்கிறது. அவர்கள் உங்களை நம்பிச் சொன்னவர்கள். பரிசோதிப்பதால் சந்தேகம் தீரும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். ஒன்றும் கிடைக்காவிட்டால் "அழிச்சிட்டியா?" என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும்.

விடாமல் முயற்சி செய்தால் மனசு மாறும் என்கிறார்களே, அது காதல் இல்லையா?

இல்லை. பஸ் ஸ்டாப்பில் காத்திருந்து, தோழியிடம் நம்பர் வாங்கி, கையை வெட்டிக்கொண்டு, கடைசியில் நாயகி சிரித்துவிடுவதைத் திரையில் மூன்று தலைமுறையாகப் பார்த்து வளர்ந்திருக்கிறோம். அதைத் தெருவில் செய்தால் பெயர் வேறு. 1998இல் சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் இப்படியான சீண்டலில் உயிரிழந்த பிறகு, தமிழக அரசு அதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவின்படி, விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும் தொடர்புகொள்ள முயல்வதும் குற்றம். அவர் இணையத்தில் என்ன செய்கிறார் என்று கண்காணிப்பதும் அதே பிரிவில் வருகிறது. முதல் முறை மூன்று ஆண்டு வரை சிறை, மறுபடி செய்தால் ஐந்து ஆண்டு வரை.

"அவ நேராக இல்லைன்னு சொல்லலையே" என்பார்கள். பதில் போடாதது, வழியை மாற்றிக்கொண்டது, நம்பரை பிளாக் செய்தது எல்லாமே பதில்தான். நேராகச் சொன்னால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் பலர் சுற்றி வளைத்துச் சொல்கிறார்கள்.

கல்யாணம் ஆனால் சரியாகிவிடும், குழந்தை பிறந்தால் இன்னும் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.

பெரியவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் பல ஆய்வுகளைத் தொகுத்து 2003இல் வெளியான ஓர் அமெரிக்க அலசல், குழந்தை உள்ள தம்பதிகளின் மணவாழ்க்கைத் திருப்தி குழந்தை இல்லாதவர்களைவிடக் குறைவு என்று கண்டது. கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களிடம் அந்த வித்தியாசம் அதிகம். தூக்கம் கெடும், செலவு கூடும், வீட்டு வேலை இரட்டிப்பாகும். ஏற்கெனவே விரிசல் உள்ள வீட்டில் இவ்வளவையும் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்? குழந்தை வேண்டும் என்று இருவருக்கும் ஆசை இருந்தால் பெற்றுக்கொள்ளுங்கள். பஞ்சாயத்து பண்ணுவதற்கு ஒரு ஆள் என்று ஒரு குழந்தையை வரவழைக்க வேண்டாம்.

"என் அன்பால் அவரை மாற்றிவிடுவேன்" என்பதும் இதே ரகம், குறிப்பாகக் குடி விஷயத்தில். குடிக்கு அடிமையாவது ஒரு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு. சென்னையில் 1980 முதல் இயங்கும் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை போன்ற இடங்களில் நோயாளியோடு குடும்பத்தினருக்கும் ஆலோசனை தருகிறார்கள். கால்கட்டு போட்டால் குடி நிற்கும் என்று பெண் தேடுபவர்கள், அந்தப் பெண்ணைச் சம்பளமில்லாத நர்ஸாக வேலைக்கு எடுக்கிறார்கள்.

பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணம்தான் நிலைக்கும், காதல் கல்யாணம் சீக்கிரம் கசக்கும் என்பது உண்மையா?

இதற்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது 1982இல் ஜெய்ப்பூரில் 50 தம்பதிகளிடம் நடந்த ஓர் ஆய்வு. காதலித்து மணந்தவர்களிடம் காதல் வருடப் போக்கில் குறைந்தது என்றும், பார்த்து மணந்தவர்களிடம் கூடியது என்றும் அது சொன்னது. 50 தம்பதிகள், ஒரே ஊர், நாற்பது வருடத்துக்கு முன். 2012இல் அமெரிக்காவில் வாழும் இந்தியர்களிடம் நடந்த இன்னொரு ஆய்வில், திருப்தியிலும் காதலிலும் இரு தரப்புக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அதுவும் சின்ன ஆய்வுதான். இரண்டையும் வைத்து மேடையில் முழங்க முடியாது.

நிலைப்பதை வைத்து நலத்தை அளப்பதும் சரியில்லை. விவாகரத்து என்றாலே வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள் என்ற நிலையில் ஒரு கல்யாணம் 40 வருடம் நின்றால், அதன் காரணம் பாசமாகவும் இருக்கலாம், போக்கிடம் இல்லாததாகவும் இருக்கலாம். பெண் பார்க்க வந்தபோது "எனக்கு இவரைப் பிடிக்கலை" என்று சொல்ல முடிந்ததா, காதலித்த பிறகு "இது சரிவரலை" என்று பின்வாங்க முடிந்ததா என்று கேளுங்கள். இரண்டு வகைக் கல்யாணத்திலும் நான் அதைத்தான் பார்ப்பேன். வயது வந்த இருவர் மணந்துகொள்ளக் குடும்பத்தின் சம்மதமோ சாதியின் சம்மதமோ தேவையில்லை என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. தீர்ப்புக்குப் பிறகும் ஆணவக் கொலைகள் நிற்கவில்லை என்பதால், சம்மதம் பற்றிய பேச்சு நம் ஊரில் உயிர் சம்பந்தப்பட்டது.

எதிரெதிர் குணம் உள்ளவர்கள்தான் ஈர்க்கப்படுவார்கள், இல்லையா?

கதைக்கு நன்றாக இருக்கும். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் ஒரு நூற்றாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அரசியல் கருத்து, படிப்பு, மத ஈடுபாடு, சில பழக்கவழக்கங்கள் என்று பெரும்பாலானவற்றில் ஜோடிகள் ஒத்துப்போயிருந்தார்கள். கலகல, அமைதி என்ற சுபாவ விஷயத்தில் பெரிய ஒற்றுமையும் இல்லை, வேற்றுமையும் இல்லை. பேசுகிறவருக்குப் பேசாதவர் கிடைப்பது தற்செயல்தான்.

முன்பு அவரைப் பார்த்தாலே வயிற்றில் பட்டாம்பூச்சி பறக்கும். இப்போது இல்லை. காதல் தீர்ந்துவிட்டதா?

முதலில் அந்தப் படபடப்பையே கொஞ்சம் சந்தேகப்படலாம். 1974இல் கனடாவின் வான்கூவர் அருகே, ஆழமான பள்ளத்தாக்குக்கு மேல் ஆடும் கப்பிலானோ தொங்கு பாலத்தில் ஆண்களை நிறுத்தி ஒரு பெண் கேள்விகள் கேட்டு, தன் தொலைபேசி எண்ணையும் கொடுத்தார். தாழ்வான, உறுதியான இன்னொரு பாலத்திலும் இதே மாதிரி செய்தார்கள். பயமுறுத்தும் பாலத்தில் எண் வாங்கியவர்களில் பாதிப் பேர் பிற்பாடு அழைத்தார்கள், மற்ற பாலத்தில் வாங்கியவர்களில் ஒன்றிரண்டு பேர்தான். பயத்தில் அடித்த இதயத்தை ஈர்ப்பு என்று எடுத்துக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இன்று பேசுவாரா, நாளை பிளாக் செய்வாரா என்று தெரியாத உறவில் படபடப்பு அதிகமாக இருப்பதை நினைத்துப் பாருங்கள். அதைத்தான் பலர் 'ஆழமான காதல்' என்கிறார்கள்.

நிம்மதியாக இருப்பது காதல் தீர்ந்ததற்கு அறிகுறி இல்லை. சராசரியாக 21 வருடம் மணவாழ்க்கை நடத்தி, இன்னும் தீவிரமாகக் காதலிப்பதாகச் சொன்ன 17 பேரின் மூளையை ஸ்கேன் செய்த ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. துணையின் படத்தைப் பார்த்தபோது, புதிதாகக் காதலிப்பவர்களிடம் தூண்டப்படும் அதே பகுதி இவர்களிடமும் தூண்டப்பட்டது. எல்லாருக்கும் அப்படி இருக்கும் என்று அதற்குப் பொருள் இல்லை, சிலருக்காவது சாத்தியம் என்று தெரிகிறது.

சலிப்புக்கு ஒரு வேடிக்கையான வைத்தியமும் உண்டு. தொங்கு பால ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான ஆர்தர் ஆரன், பிற்பாடு தம்பதிகளைக் கையையும் காலையும் சேர்த்துக் கட்டி, பாயில் தவழ்ந்து ஒரு உருளைத் தலையணையைக் கைபடாமல் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். ஏழு நிமிடம்தான். இந்தக் கூத்தைச் செய்தவர்கள், சும்மா பந்து உருட்டியவர்களைவிட, தங்கள் உறவைப் பற்றி மகிழ்ச்சியாகப் பேசினார்கள். தலையணை கட்டாயமில்லை. இருவருக்குமே தெரியாத ஒன்றைச் சேர்ந்து கற்றுக்கொள்ளலாம்: நீச்சல், பரோட்டா வீசுவது, பறை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே மால், அதே ஃபுட் கோர்ட் என்று போவது இந்தக் கணக்கில் வராது.

என் 'காதல் மொழி' வேறு, அவருடையது வேறு. அதனால்தான் ஒத்துவரவில்லையா?

பாராட்டு வார்த்தை, சேர்ந்து செலவிடும் நேரம், பரிசு, உதவி, தொடுதல் என்று அன்பைக் காட்ட ஐந்து காதல் மொழிகள் உண்டு என்ற கருத்து 1992இல் கேரி சாப்மன் என்ற அமெரிக்கப் போதகர் சொன்னது. ஒவ்வொருவருக்கும் ஒரு மொழி, அது பொருந்தினால் உறவு நலம் என்பதற்கு ஆதாரம் தேறவில்லை என்று 2024இல் உறவு ஆய்வாளர்கள் சிலர் அலசி எழுதினார்கள். மனிதர்களுக்கு ஐந்துமே வேண்டும். "என் மொழி பரிசு கொடுப்பது" என்று சொல்லி வீட்டைப் பெருக்காமல் தப்பிக்க இது உதவும், வேறு பெரிய பயன் இல்லை.

நாங்கள் வீட்டு வேலையைப் பாதிப்பாதிதான் பங்குபோடுகிறோம். அப்புறமும் ஏன் சண்டை?

பாதிப்பாதி என்று சொல்வது யார்? 1979இல் கனடாவில் 37 தம்பதிகளிடம், வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலும் நூற்றுக்கு மேல் வந்தது. பொய் சொல்லவில்லை, அவரவர் செய்தது அவரவருக்கு நன்றாக நினைவில் இருக்கிறது.

இந்தியாவில் 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடமும், செய்யும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். அந்த 97 நிமிடமும் வீட்டு வேலை செய்த ஆண்களின் சராசரிதான். செய்யாத பெரும்பான்மை ஆண்கள் அதில் சேர்த்தியே இல்லை. கேஸ் எப்போது தீரும், பள்ளியில் பேரன்ட்ஸ் மீட்டிங் என்றைக்கு, மாமனாரின் மாத்திரை இன்னும் எத்தனை நாளுக்கு வரும் என்று நினைவில் வைத்திருக்கும் வேலைக்குக் கணக்கே கிடையாது. "என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்" என்பவர் நல்லவர்தான். ஆனால் சொல்வதும் ஒரு வேலை.

கஷ்டத்தில் கூட நிற்பவர்தானே உண்மையான துணை?

கஷ்டத்தில் ஊரே வந்து நிற்கும். 2006இல் வெளியான உளவியலாளர் ஷெல்லி கேபிளின் ஆய்வில், துணையின் கெட்ட செய்திக்கு எப்படி எதிர்வினை செய்கிறார்கள் என்பதைவிட, நல்ல செய்திக்கு எப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் உறவின் நலத்தை நன்றாகக் காட்டியது. "புரமோஷன் கிடைச்சிருக்கு" என்று போன் வந்தால் மூன்று விதமான பதில்கள் வரும்: "சூப்பர், எப்படிச் சொன்னாங்க, முழுசாச் சொல்லு"; "ம்ம், சரி"; "அப்போ வீட்டுக்கு இன்னும் லேட்டாத்தான் வருவ." மூன்றாவது பதிலைக் கேட்டவர் அடுத்த நல்ல செய்தியை முதலில் யாரிடம் சொல்வார்?

அவர் அடித்ததே இல்லை. அப்போது இதைக் கொடுமை என்று சொல்ல முடியாதுதானே?

சொல்லலாம், சட்டமே சொல்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் உடல், பாலியல், வாய்மொழி மற்றும் மனரீதியான, பொருளாதாரக் கொடுமைகள் எல்லாவற்றையும் வன்முறையாகவே எடுத்துக்கொள்கிறது. சம்பள ஏடிஎம் கார்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வது, செலவுக்குப் பணம் தராமல் கெஞ்ச வைப்பது, குழந்தை இல்லை என்று குத்திக் காட்டுவது, "செத்துப்போவேன், உன் பேரை எழுதி வைப்பேன்" என்று மிரட்டுவது எல்லாம் இதில் வரும். திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழ்பவர்களுக்கும் இது பொருந்தும். இந்தச் சட்டத்தின்கீழ் பெண்கள்தான் பாதுகாப்புக் கேட்க முடியும். ஆண்களுக்கு இப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை என்பதால் அவர்களுக்கு நடப்பது கொடுமை இல்லை என்று ஆகாது.

2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவரின் உடல் அல்லது பாலியல் வன்முறையை எப்போதாவது சந்தித்ததாகச் சொன்னார்கள். உதவிக்கு 181 என்ற எண் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. உடனடி ஆபத்து என்றால் 112. கிளம்புவதாக முடிவெடுத்தால் அதைச் சண்டையின் நடுவில் அறிவிக்காதீர்கள், அந்த நேரம்தான் ஆபத்து அதிகம். ஆதார், வங்கிப் புத்தகம், குழந்தையின் சான்றிதழ்களின் நகலை முன்கூட்டியே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைப்பது நல்லது.

கல்யாணம் ஆகிவிட்டால் ஒவ்வொரு முறையும் சம்மதம் கேட்க வேண்டுமா?

வேண்டும். பதினெட்டு வயது நிறைந்த மனைவியோடு அவர் சம்மதமில்லாமல் கணவன் உறவுகொள்வதை இந்தியக் குற்றவியல் சட்டம் இன்னும் பாலியல் வல்லுறவாகக் கருதவில்லை, அது சட்டத்தின் குறை. ஆனால் மேலே சொன்ன குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் கொடுமையும் அடக்கம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கேட்டால் மூடு போய்விடும் என்பவர்கள், எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பழகவில்லை என்று அர்த்தம். "இன்னைக்கு வேண்டாம்" என்று சொன்னதற்கு மறுநாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், அதற்கடுத்த நாள் கிடைக்கும் "சரி"க்கு மதிப்பு இல்லை.

ஆலோசகரிடம் போவது என்றால் விவாகரத்துக்கு முந்தைய படி, அப்படித்தானே?

நம் ஊரில் பலரும் ஆலோசகரை முதன்முதலாகப் பார்ப்பதே குடும்ப நீதிமன்றத்தில்தான், அதனால் இந்த எண்ணம் வந்திருக்கலாம். அதற்குள் இருவரும் வக்கீல் வைத்திருப்பார்கள், பேச ஒன்றும் மிச்சம் இருக்காது. ஒரே சண்டை மூன்று மாதமாக அதே இடத்தில் முட்டி நிற்கிறது என்றால் அதுவே போவதற்குச் சரியான நேரம். நல்ல ஆலோசகர் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு சொல்ல மாட்டார். முதல் சந்திப்பிலேயே "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போங்கம்மா" என்று ஒருவருக்கு மட்டும் சொல்பவராக இருந்தால் ஆளை மாற்றுங்கள்.

வீட்டில் அடி உண்டு, மிரட்டல் உண்டு என்றால் ஜோடியாகப் போக வேண்டாம். அந்த அறையில் உண்மையைச் சொன்னதற்கு வீட்டுக்கு வந்து வாங்கிக் கட்டிக்கொள்ள நேரும். தனியாகப் போங்கள். "எனக்கு ஒன்றும் இல்லை, நீ வேணும்னா போ" என்று துணை மறுத்தாலும் தனியாகப் போகலாம். ஒருவர் பேசும் விதம் மாறினாலே அந்தச் சண்டை பழைய பாதையில் ஓடாது. கையில் காசில்லை, வெளியே போக வழியில்லை என்றால், 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம். அழைப்புக்குக் கட்டணம் இல்லை, பெயர் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.